தோனியா? கோலியா? எல்லை ஊரில் ஓயாத வழக்கு

வேப்பனப்பள்ளி பஸ் நிறுத்தம். காலை ஆறு மணி. ஓசூருக்குப் போகும் கம்பெனி பஸ் இன்னும் வரவில்லை. டீக்கடை வாசலில் பத்துப் பேர் நிற்கிறார்கள். திடீரென்று ஒரு கூச்சல்.

"அஞ்சு கோப்பை! உங்க ஆள் வாங்கினது எத்தனை?"

"நாற்பது டெஸ்ட் ஜெயம்! உங்க ஆள் ஜெயிச்சது எத்தனை?"

புதிதாக ஊருக்கு வருபவர் இதை நிலத் தகராறு என்று நினைப்பார். அல்லது அண்ணன் தம்பி பாகப் பிரிவினை என்று நினைப்பார். இரண்டும் இல்லை. கிரிக்கெட் காப்டன்களில் பெரியவர் தோனியா, கோலியா என்ற வழக்குதான் அது. டீக்கடைக்காரர் சிரிக்கிறார். "தினமும் நடக்கிறதுதான் சார். ரெண்டு டீ கூட விற்கும்" என்கிறார்.

இந்த வழக்கு தமிழ்நாடு முழுவதும் நடக்கிறது. ஆனால் வேப்பனப்பள்ளியில் இருக்கும் வேகம் வேறு எங்கும் இல்லை. அது ஏன்?

படத்தை எடுத்துப் பாருங்கள். கிருஷ்ணகிரி ஜில்லாவில் இந்த ஊர் ஒரு மூலையில் இருக்கிறது. ஒரு பக்கம் கர்நாடகம். இன்னொரு பக்கம் ஆந்திரம். ஒரே வீட்டில் மாமியார் தெலுங்கு பேசுவார். மருமகள் கன்னடம் பேசுவாள். குழந்தை பள்ளிக்கூடத்தில் தமிழ் படிக்கும். வேலைக்கு ஓசூர். ஓசூரைத் தாண்டினால் நாற்பது கிலோ மீட்டரில் பெங்களூர். சென்னைக்குப் போவதென்றால் ஓசூரிலிருந்து 300 கிலோ மீட்டர். அட்டையில் தமிழ்நாடு. சம்பளம் பாதிப் பேருக்குப் பெங்களூர். அப்படியானால் எந்த ஊர்க் கோஷ்டிக்குக் கை தட்டுவது?

வீட்டுக்கு வீடு இரண்டு கட்சி. நான் போயிருந்த வீட்டில் மாமனார் சென்னைக் கட்சி. பெங்களூரில் வேலை பார்க்கும் மருமகன் பெங்களூர்க் கட்சி. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்திருந்தார். இலை போடுவதற்கு முன்பே வாக்குவாதம் தொடங்கிவிட்டது.

"கோப்பை வாங்காத காப்டன் என்ன காப்டன், மாப்பிள்ளை?" என்றார் மாமனார்.

"கோப்பையை மட்டும் பார்த்தா எப்படி மாமா? கணக்கைப் பாருங்க" என்றார் மருமகன்.

"கோலின்னா எனக்குத் தெரிஞ்சது குழி வெட்டி அடிக்கிற கோலிதான்" என்று மாமனார் ஒரு போடு போட்டார். மருமகன் மரியாதைக்காகப் பேசாமல் இருந்தார். முகம் மட்டும் சிவந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தோனி பிறந்த ஊர் ராஞ்சி. கோலி பிறந்த ஊர் டில்லி. ஒருவர் தமிழரும் அல்ல. மற்றவர் கன்னடரும் அல்ல. ராஞ்சிக்காரருக்காக ஒரு மாமனார். டில்லிக்காரருக்காக ஒரு மருமகன். 2008-ம் ஆண்டு ஐ.பி.எல். பந்தயம் தொடங்கியபோது தோனியைச் சென்னைக் கோஷ்டி 15 லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்தது. அந்த முதல் ஏலத்தில் அதுதான் மிக அதிக விலை. அன்று முதல் அவர் நமக்கு "தல" ஆகிவிட்டார். (சினிமா ரசிகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். "தல" என்ற பட்டம் அஜீத்துக்கு முன்பே உண்டு. ஒரு பட்டத்துக்கு இரண்டு பேர்.)

சரி. வழக்குக்கு வருவோம்.

கோப்பைக் கணக்கு

மாமனார் பக்கத்துச் சாட்சியம் பலமானது. தோனி காப்டனாக இருந்து இந்தியா வாங்கிய உலகக் கோப்பைகள் இரண்டு. 2007-ல் இருபது ஓவர் கோப்பை. 2011-ல் ஐம்பது ஓவர் கோப்பை. பிறகு 2013-ல் சாம்பியன்ஸ் கோப்பை. இந்த மூன்றையும் வாங்கிய காப்டன் உலகத்தில் அவர் ஒருவர்தான். சென்னைக் கோஷ்டிக்கு ஐ.பி.எல். கோப்பை ஐந்து: 2010, 2011, 2018, 2021, 2023.

கோலி காப்டனாக இருந்து இந்தியா வாங்கிய உலகக் கோப்பை ஒன்றுமில்லை. 2008-ல் பத்தொன்பது வயதுக்கு உட்பட்ட பையன்களின் உலகக் கோப்பையைக் காப்டனாக ஜெயித்தார். அது பையன்கள் கணக்கு. பெரியவர்கள் கணக்கில் 2017 சாம்பியன்ஸ் கோப்பை இறுதிப் பந்தயத்தில் பாகிஸ்தானிடம் 180 ரன்னில் தோல்வி. 2019 உலகக் கோப்பை அரை இறுதியில் நியூசிலாந்திடம் 18 ரன்னில் தோல்வி. 2021 டெஸ்ட் சாம்பியன் இறுதிப் பந்தயத்தில் அதே நியூசிலாந்திடம் தோல்வி. பெங்களூர்க் கோஷ்டிக்கு 2013 முதல் 2021 வரை ஒன்பது ஆண்டு காப்டன். ஒரு கோப்பையும் இல்லை.

இதைக் கேட்டால் வழக்கு முடிந்துவிட்டது போலத் தோன்றும். முடியவில்லை.

நூற்றுக்கு எத்தனை?

மருமகன் தாளும் பென்சிலும் எடுத்து வந்தார். கணக்குப் பாடம் போலப் போட்டுக் காட்டினார்.

தோனி காப்டனாக ஆடிய டெஸ்ட் பந்தயம் 60. ஜெயித்தது 27. நூற்றுக்கு 45 மார்க்கு. கோலி காப்டனாக ஆடிய டெஸ்ட் 68. ஜெயித்தது 40. நூற்றுக்கு 59 மார்க்கு. இந்தியக் காப்டன்களில் கோலியைவிட அதிக டெஸ்ட் ஜெயித்தவர் யாரும் இல்லை.

ஒருநாள் பந்தயம்? தோனி 200-ல் 110. கோலி 95-ல் 65. இங்கேயும் நூற்றுக்கு நூறு பார்த்தால் கோலிக்கு 68. தோனிக்கு 55.

வெளிநாட்டில்? தோனி காலத்தில் 2011-ல் இங்கிலாந்தில் நாலு டெஸ்ட், நாலும் தோல்வி. பிறகு ஆஸ்திரேலியா போனார்கள். அங்கேயும் நாலும் தோல்வி. கடைசி டெஸ்டில் தோனி ஆடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோலி காலத்தில் 2019 ஜனவரியில் ஆஸ்திரேலியாவிலேயே டெஸ்ட் தொடரை இந்தியா ஜெயித்தது. முதல் முறை இந்தியர்கள் அங்கே டெஸ்ட் ஆடப் போனது 1947-ல். எழுபத்தோரு ஆண்டுக்குப் பிறகு வந்த ஜெயம் அது.

மாமனார் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "பரீட்சையில மார்க்கு வாங்குறவன் வேற. வேலைக்குப் போய்ச் சாதிக்கிறவன் வேற" என்றார். பேச்சில் அவரை ஜெயிக்க முடியாது.

ஆனால் இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. கோப்பை என்பது என்ன? ஒரு நாள். அந்த ஒரு நாளில் ஒரு மணி நேரம். சில சமயம் ஒரு பந்து.

2007 இறுதிப் பந்தயத்தை நினைத்துப் பாருங்கள். ஜோகன்னஸ்பர்க் நகரம். எதிரே பாகிஸ்தான். கடைசி ஓவரில் 13 ரன் வேண்டும். அனுபவம் குறைந்த ஜோகிந்தர் சர்மாவிடம் தோனி பந்தைக் கொடுத்தார். மிஸ்பா உல் ஹக் ஒரு சிக்சர் அடித்தார். நாலு பந்தில் ஆறு ரன் போதும் என்ற நிலை. மிஸ்பா பின்பக்கம் தூக்கி அடித்தார். ஸ்ரீசாந்த் பிடித்தார். இந்தியா 5 ரன்னில் ஜெயித்தது. அந்தப் பந்து ஸ்ரீசாந்த் தலைக்கு மேல் ஒரு முழம் போயிருந்தால்? "அனுபவம் இல்லாதவனிடம் ஏன் கொடுத்தார்?" என்று அதே தோனியை நாம் திட்டியிருப்போம்.

2013-லும் ஜெயம் 5 ரன்னில்தான். அன்று இஷாந்த் சர்மா ஏராளமாக ரன் கொடுத்துக்கொண்டிருந்தார். இங்கிலாந்துக்கு மூன்று ஓவரில் 28 ரன் வேண்டும். தோனி மறுபடியும் அவரையே கூப்பிட்டார். அவர் அடுத்தடுத்த பந்தில் இரண்டு பேரை அவுட் ஆக்கினார்.

யுக்தியா, அதிர்ஷ்டமா? இரண்டும் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் ஒன்று. அதிர்ஷ்டம் கதவைத் தட்டும்போது பயந்து ஒளியாமல் இருக்கத் தெரிய வேண்டும். அது தோனிக்குத் தெரிந்திருந்தது.

அமெரிக்காவிலும் இதே வழக்கு

இந்தத் தகராறு நமக்கு மட்டும் சொந்தம் அல்ல. அமெரிக்காவில் ஒரு பந்தாட்டம் இருக்கிறது. கால்பந்து என்று பெயர். ஆனால் பெரும்பாலும் கையால்தான் ஆடுகிறார்கள். பந்து உருண்டையாக இருக்காது. தேங்காய் போல இரண்டு பக்கமும் கூராக இருக்கும். பக்கத்துக்குப் பதினொரு பேர். அதில் "குவார்ட்டர்பேக்" என்று ஒருவர். பந்து முதலில் அவர் கைக்கு வரும். யாருக்கு எறிய வேண்டும், எப்போது எறிய வேண்டும் என்று அவர்தான் கண் மூடித் திறப்பதற்குள் முடிவு செய்ய வேண்டும். அதற்குள் எதிரிக் கோஷ்டியின் தடியர்கள் அவர் மேல் பாய்ந்து விழுவார்கள். நம்முடைய காப்டன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடி மட்டும் அதிகம்.

அங்கே "எல்லாரிலும் பெரிய குவார்ட்டர்பேக் யார்?" என்று தகப்பனும் பிள்ளையும் சண்டை போடுகிறார்கள். டாம் பிராடி என்பவர் "சூப்பர் பவுல்" என்ற கோப்பையை ஏழு தடவை வாங்கினார். ஜோ மான்டானா என்பவர் நாலு இறுதிப் பந்தயம் ஆடினார், நாலையும் ஜெயித்தார். டான் மரீனோ என்று ஒருவர். 1984 பருவத்தில் மட்டும் 5,084 கெஜ தூரத்துக்குப் பந்தை எறிந்து சேர்த்தார். அந்தச் சாதனை 2011 வரை நின்றது. பதினேழு பருவம் ஆடினார். இறுதிப் பந்தயத்துக்குப் போனது ஒரே ஒரு தடவை. 1985 ஜனவரியில். எதிரே நின்றவர் மான்டானா. மரீனோ தோற்றார். கடைசி வரை கோப்பை இல்லை.

மரீனோ பெரிய ஆட்டக்காரர்தான் என்று அமெரிக்காவில் எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் பேச்சு முடியும்போது யாராவது ஒருவர் விரலை நீட்டி, "மோதிரம் எங்கே?" என்று கேட்டுவிடுவார். கோப்பை வாங்கியவர்களுக்கு அங்கே மோதிரம் போடுவது வழக்கம். 2016-ல் கோலி பட்ட பாடு இதுதான். அந்த ஒரு பருவத்தில் அவர் அடித்தது 973 ரன். நாலு செஞ்சுரி. இறுதிப் பந்தயம் பெங்களூரில், சொந்த மைதானத்தில். ஐதராபாத் கோஷ்டியிடம் எட்டு ரன்னில் தோற்றார்.

பிராடி கதையில் இன்னொரு சங்கதி இருக்கிறது. அவர் இருபது பருவம் நியூ இங்கிலாந்து கோஷ்டியில் இருந்தார். ஆறு கோப்பை வாங்கினார். "எல்லாம் அந்தப் பயிற்சியாளர் சாமர்த்தியம்" என்று சிலர் சொன்னார்கள். 2020-ல் அவர் டாம்பா கோஷ்டிக்கு மாறினார். அடுத்த பிப்ரவரியில், 43-வது வயதில், அங்கேயும் கோப்பை வாங்கினார். பேசியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

இந்தப் பரீட்சையைத் தோனிக்கும் வைத்துப் பார்த்தால் என்ன? ஒரு தடவை அது தானாகவே நடந்தது.

புனாவில் நடந்தது என்ன?

சூதாட்டப் புகார் ஒன்றில் சென்னைக் கோஷ்டி அதிகாரி ஒருவர் சிக்கினார். 2015 ஜூலையில் லோதா கமிட்டி சென்னைக் கோஷ்டியை இரண்டு ஆண்டுக்குத் தடை செய்தது. சென்னைக் கட்சிக்காரர்கள் இதைப் பேசவே மாட்டார்கள். மாமனாரிடம் கேட்டேன். "அது பழைய கதை சார்" என்று வெற்றிலையை எடுத்தார்.

தடை இருந்த காலத்தில் தோனி புனாக் கோஷ்டிக்குப் போனார். 2016-ல் காப்டன். எட்டுக் கோஷ்டியில் புனாவுக்குக் கிடைத்தது ஏழாவது இடம். அடுத்த ஆண்டு ஸ்டீவன் ஸ்மித்தைக் காப்டனாக்கினார்கள். அவர் தலைமையில் புனா இறுதிப் பந்தயம் வரை போனது. ஒரே ஒரு ரன்னில்தான் தோற்றது.

பிராடி மாறிப் போன இடத்தில் ஜெயித்தார். தோனி மாறிப் போன இடத்தில் ஜெயிக்கவில்லை. 2018-ல் சென்னைக்குத் திரும்பினார். முப்பது வயது தாண்டியவர்களாகவே சேர்த்திருக்கிறார்கள் என்று ஊரே சிரித்தது. அந்தக் கிழட்டுக் கோஷ்டியை வைத்துக்கொண்டு கோப்பையை வாங்கினார்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? தோனி தனி ஆளாக ஜெயிக்கவில்லை. ஆட்டக்காரர்களை மாற்றிக்கொண்டே இராத முதலாளி, தொடர்ந்து இருந்த பயிற்சியாளர் பிளெமிங், சுழல் பந்துக்கு ஏற்ற சேப்பாக்கம் மைதானம், எல்லாம் சேர்ந்தது சென்னை. 2011 இறுதிப் பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சேப்பாக்கத்தில் சென்னையும் பெங்களூரும் மோதின. 95 ரன் அடித்தவர் முரளி விஜய். நம் ஊர்க்காரர். பெங்களூரின் பயங்கர ஆட்டக்காரர் கிறிஸ் கெயில். அவரை முதல் ஓவரிலேயே, ஒரு ரன்கூட எடுக்க விடாமல், அவுட் ஆக்கியவர் அசுவின். அவரும் நம் ஊர்க்காரர். பந்தைப் பின்னால் நின்று பிடித்தவர் தோனி. புதுப் பந்தைச் சுழல் வீச்சாளரிடம் கொடுக்க வேண்டும் என்று நினைத்தவரும் தோனி. 58 ரன்னில் ஜெயம். யாருக்குப் புகழ்? பங்கு போட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

பெங்களூரில் நேர் எதிர். அடிப்பவர்கள் ஏராளம். பந்து வீசுபவர்கள் இல்லை. 2013-ல் கெயில் 66 பந்தில் 175 ரன் அடித்தார். அப்படிப்பட்டவர் இருந்தும் அந்த ஆண்டு முதல் நாலு இடத்துக்குள் பெங்களூர் வரவில்லை. 2017-ல் ஒரு பந்தயத்தில் கோஷ்டி முழுவதும் சேர்ந்து எடுத்தது 49 ரன். மைதானமோ சிறியது. பந்து வீசுபவர் பாடு திண்டாட்டம். வீடு நிறையச் சமையல்காரர்கள், அரிசி வாங்க ஆள் இல்லை என்பது போல. இதற்கு காப்டனை மட்டும் குற்றம் சொல்வது நியாயம் இல்லை. ஆனால் ஒன்பது ஆண்டு காப்டனாக இருந்தவர் "எனக்கு நல்ல பந்து வீச்சாளர் வேண்டும்" என்று அடித்துக் கேட்டிருக்கலாமே என்ற கேள்வியும் இருக்கிறது.

காப்டன் இல்லாமலும் ஜெயிக்கலாமா? 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு டெஸ்ட். இந்தியா 36 ரன்னில் சுருண்டது. காப்டன் கோலி, மனைவியின் பிரசவத்துக்காக ஊர் திரும்பினார். ரஹானே பொறுப்பு ஏற்றார். பலருக்குக் காயம். பிரிஸ்பேன் டெஸ்டில் யாரை இறக்குவது என்றே தெரியவில்லை. வலைப் பயிற்சியில் பந்து போடுவதற்காகக் கூட்டிப் போயிருந்த ஒருவரை இறக்கினார்கள். அவர்தான் நடராஜன். தர்மபுரியைத் தாண்டினால் சேலம் ஜில்லா. அங்கே சின்னப்பம்பட்டி கிராமம். முதல் இன்னிங்சில் மூன்று விக்கெட் எடுத்தார். சென்னை வாஷிங்டன் சுந்தர் 62 ரன் அடித்தார். தொடரை இந்தியா ஜெயித்தது. கோலி தொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தார்.

ஆனால் அந்தப் பயணத்தில் நடராஜனை முதன்முதலில் இந்தியாவுக்காக இறக்கிய காப்டன் கோலிதான். வேகப் பந்து வீச்சாளர்களை வளர்த்து, வெளிநாட்டில் ஜெயிக்கலாம் என்ற நினைப்பை ஊட்டியவரும் அவர்தான். அந்தப் பெருமையை ரஹானேயும் மறுக்க மாட்டார்.

பட்டௌடியை எங்கே வைப்பது?

பழைய காலத்துப் பெரியவர் ஒருவர் குறுக்கே வந்தார். "நீங்க எல்லாம் பட்டௌடியைப் பார்த்ததில்லை" என்றார். நியாயமான பேச்சு. பட்டௌடி நவாப் 1962-ல் 21 வயதில் இந்தியக் காப்டன் ஆனார். கார் விபத்தில் ஒரு கண் பார்வை போனவர். 40 டெஸ்டுக்குக் காப்டன். ஜெயித்தது ஒன்பதுதான். மருமகன் கணக்குப்படி நூற்றுக்கு 23 மார்க்கு. பெயில்! ஆனால் 1968-ல் நியூசிலாந்தில், வெளிநாட்டில் முதல் டெஸ்ட் தொடரை ஜெயித்துக் கொடுத்தவர் அவர். அந்த மார்க்கை எந்தத் தாளில் போடுவது?

கபில்தேவையும் விட முடியாது. 1983-ல் இந்தியா கோப்பை வாங்கும் என்று யார் நினைத்தார்கள்? இறுதிப் பந்தயத்தில் அதிக ரன் அடித்தவர் நம் ஸ்ரீகாந்த், 38 ரன். ரோகித் சர்மா என்று இன்னொருவர் இருக்கிறார். பம்பாய்க்கு ஐந்து ஐ.பி.எல். கோப்பை. 2024-ல் இருபது ஓவர் உலகக் கோப்பை. 2025-ல் சாம்பியன்ஸ் கோப்பை. அவர் கட்சி வேப்பனப்பள்ளியில் ஆள் குறைவு. அதனால் சத்தம் இல்லை.

வீட்டுப் பெண், எட்டாவது படிக்கிறாள், உள்ளே இருந்து கேட்டாள்: "ஹர்மன்பிரீத்தை ஏன் யாரும் சொல்லல?" 2025 நவம்பர் 2-ந் தேதி நவி மும்பையில் தென் ஆப்பிரிக்காவை 52 ரன்னில் ஜெயித்து, பெண்கள் உலகக் கோப்பையை இந்தியாவுக்கு முதன்முதலாக வாங்கிக் கொடுத்த காப்டன் அவர். பெங்களூரின் கோப்பைத் தாகத்தை முதலில் தீர்த்ததும் பெண்கள்தான். 2024 மார்ச்சில் ஸ்மிருதி மந்தனா தலைமையில் பெண்கள் கோஷ்டி கோப்பை வாங்கிவிட்டது. ஆண்கள் அப்போதும் காத்திருந்தார்கள். மாமனாரும் மருமகனும் அன்றைக்கு முதல் தடவையாக ஒரே மாதிரி விழித்தார்கள்.

என் தீர்ப்பு என்ன என்று கேட்பீர்கள். ஐந்து நாள் டெஸ்டுக்குக் காப்டன் கோலி. அங்கே அதிர்ஷ்டத்துக்கு இடம் குறைவு. மார்க்கு பொய் சொல்லாது. எல்லாம் சேர்த்து ஒரே பெயர் சொல் என்று என் கழுத்தில் துண்டைப் போட்டு இழுத்தால் தோனி என்பேன். ஐந்து கோப்பைக்காக அல்ல. 2011 ஏப்ரல் 2-ந் தேதி இரவுக்காக. பம்பாய் வாங்கடே மைதானம். ஜெயிக்க 275 ரன். 114 ரன்னில் மூன்றாவது விக்கெட் விழுந்தது. அவுட் ஆகி வந்தவர் யார் தெரியுமா? கோலி! 35 ரன் எடுத்திருந்தார். அடுத்து வர வேண்டியவர் யுவராஜ். அந்தப் போட்டி முழுவதும் பிரமாதமாக ஆடியவர். தோனியோ அதுவரை ஒரு அரை செஞ்சுரிகூட அடிக்கவில்லை. ஆனாலும் தோனி தானே மட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினார். எதிரே பந்து வீசியவர் முத்தையா முரளிதரன். சென்னைக் கோஷ்டியில் கூட ஆடியவர். அவர் பந்து எப்படித் திரும்பும் என்று வலைப் பயிற்சியிலேயே பழகியிருந்தார் தோனி. 91 ரன். கடைசி அடி சிக்சர்.

தோற்றிருந்தால் அந்த மனிதர் ராஞ்சியில் வீட்டை விட்டு வெளியே வந்திருக்க முடியாது. அது தெரிந்தும் எழுந்து நடந்தார். அந்த நடைக்கு என் ஓட்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவர்கள் இருவருக்கும் சண்டையே இல்லை. 2019 அரை இறுதியில் கோலி காப்டன். தோனி அவர் கீழே ஆடினார். கோலி ஒரு ரன்னில் அவுட். தோனி 50 எடுத்து ரன் அவுட். சேர்ந்தே தோற்றார்கள். 2022 ஜனவரியில் டெஸ்ட் காப்டன் பதவியை விட்டபோது, தன்னை நம்பியவர் என்று தோனிக்கு நன்றி சொன்னார் கோலி. சண்டை எல்லாம் வேப்பனப்பள்ளியில்தான்.

அந்த ஜூன் மாதம்

2025 ஜூன் 3. ஆமதாபாத். இறுதிப் பந்தயம். பெங்களூர் 190 ரன். பஞ்சாப் 184 ரன். ஆறு ரன்னில் பெங்களூர் ஜெயித்தது. பதினெட்டு ஆண்டுக் காத்திருப்பு. கோலி சட்டை எண்ணும் பதினெட்டு. கடைசி ஓவர் முடிவதற்குள்ளேயே மைதானத்தில் அழுதுவிட்டார். அதே ஆண்டு சென்னைக் கோஷ்டி பத்தில் பத்தாவது. கடைசி இடம்! ருதுராஜுக்குக் காயம் பட்டதால் நடுவில் தோனிதான் மறுபடியும் காப்டன்.

அன்று இரவு வேப்பனப்பள்ளியில் ஒரு பாதி பட்டாசு வெடித்தது. மாமனார் மட்டும் விடவில்லை. "காப்டன் யாரு? ரஜத் பட்டிதார்! உங்க ஆள் காப்டன் வேலையை விட்ட பிறகுதானே கோப்பை வந்தது?" என்று போனில் கேட்டார். மருமகன் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். ஜெயித்தவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

மறுநாள் ஜூன் 4. கோஷ்டி பெங்களூர் வந்தது. விழா என்றார்கள். விடிந்தால் விழா. ஏற்பாட்டுக்கு ஒரு நாள்கூட இல்லை. சின்னசாமி மைதானத்தில் 35 ஆயிரம் பேர் உட்காரலாம். வந்தவர்கள் இரண்டு மூன்று லட்சம் பேர் என்று முதல் மந்திரி சித்தராமையா பிறகு சொன்னார். வாசலில் நெரிசல். 11 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் இளம் வயதினர். ஐம்பது பேருக்கு மேல் காயம். வெளியே உடல்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உள்ளே விழா நடந்தது.

சர்க்கார் விசாரணை வைத்தது. நீதிபதி குன்ஹா விசாரித்தார். பெருங்கூட்டத்துக்கு அந்த மைதானம் ஏற்றது அல்ல என்று அறிக்கை கொடுத்தார். இழப்பீடு கொடுத்தார்கள். அந்த ஆண்டு பெண்கள் உலகக் கோப்பைப் பந்தயங்கள் பெங்களூரில் நடக்கவில்லை. வேறு ஊருக்குப் போயின.

நான் கேட்பது இதுதான். ஒரு கோப்பையைக் கொண்டாட இரண்டு நாள் பொறுத்தால் என்ன? எந்த வாசல், எத்தனை சீட்டு, எந்த வழியாகப் போய் எந்த வழியாக வர வேண்டும் என்று சொல்லிவிட்டு அழைத்திருக்கலாமே? பீல்டரை எந்த இடத்தில் நிறுத்துவது என்று மூன்று மணி நேரம் யோசிக்கிறார்கள். ஜனங்களை எங்கே நிறுத்துவது என்று யோசிக்க அன்றைக்கு ஒரு காப்டன் இல்லை.

மருமகனும் அன்று புறப்பட்டவர்தான். மெட்ரோ ரெயில் நிலையத்திலேயே மூச்சுத் திணறும் கூட்டம். படியில் நின்றபோது செல்போன் அடித்தது. பேசியது மாமனார். முதல் நாள் கிண்டல் செய்த அதே மாமனார்.

"எங்க இருக்கீங்க மாப்பிள்ளை?"

"மைதானத்துக்குப் போறேன் மாமா."

"டெலிவிஷன்ல கூட்டம் காட்டுறாங்க. நல்லா இல்ல. திரும்பிப் போங்க. நான் சொல்றேன், திரும்புங்க."

திரும்பிவிட்டார். அதைச் சொல்லும்போது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. உள்ளே இருந்து அம்மாள் சாப்பிடக் கூப்பிட்டார். இலை போட்டார்கள். ரசம் ஊற்றும் வரை கிரிக்கெட் பேச்சே இல்லை.

பிறகு மாமனார்தான் ஆரம்பித்தார்.

"அடுத்த தடவை இங்கேயே வந்திடுங்க மாப்பிள்ளை. எல்லாரும் உட்கார்ந்து பார்க்கலாம். மிக்சர் நான் வாங்கி வைக்கிறேன்."

"சரி மாமா."

"ஆனா உங்க கோஷ்டி ஜெயிச்சா வீட்டுக்குள்ள கத்தக் கூடாது."